ஒரு சுவர், இரண்டு கம்ப்யூட்டர்

அவளிடம் மெக் கம்ப்யூட்டர் வந்திருக்கும் செய்தியை எனக்குச் சொன்னது அவள் இல்லை, என் அம்மா. எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கம்ப்யூட்டர் சம்பந்தமான எந்த விஷயமும் முதலில் என் காதுக்குத்தான் வர வேண்டும். யாருடைய போன் தண்ணீரில் விழுந்தாலும், யாருடைய பென்டிரைவ் டிவியில் ஓடாவிட்டாலும், பிள்ளைகளின் ஸ்கொலர்ஷிப் ரிசல்ட் பார்ப்பதென்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள்.

"மாமா மக வந்துருக்கா, பாத்தியா? கம்ப்யூட்டரு கொண்டாந்திருக்கா. தகடு மாதிரி இருக்கு. போட்டா ஒரு சத்தம் இல்ல. உன்னோடது மாதிரி கர்ருங்கல," என்றாள் அம்மா, கொழுந்து மலையிலிருந்து வந்து, மழைக்குக் கட்டியிருந்த நனைந்த படங்கைக் கழற்றிக்கொண்டே.

என்னுடையது கர்ரென்றுதான் சொல்லும். நான் ஹட்டனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், விண்ணப்பம் நிரப்புதல், இவைதான் வேலை. கடை முதலாளியை நானா என்றுதான் கூப்பிடுவேன், அண்ணன் மாதிரி. அவர், தூக்கிப்போட இருந்த லெப்டொப் ஒன்றை "வேணும்னா கொண்டு போ தங்கச்சி, மனுசன் பாவிக்க மாட்டான்" என்று தந்தார். விண்டோஸை அது தாங்கவில்லை. லினக்ஸ் போட்டேன், உயிர் வந்தது. திரையின் கீல் உடைந்திருந்ததால் பின்னால் ஒரு பால்மா டின்னை முட்டுக் கொடுக்க வேண்டும். பெட்டரி செத்துவிட்டது, பிளக்கைக் கழற்றினால் அதுவும் சாகும். ஆனால் அதன் ஒவ்வொரு நரம்பும் எனக்குத் தெரியும். இந்த மலையில் லினக்ஸ் ஓட்டும் ஒரே பெண் நான்தான் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. கணக்கெடுத்துப் பார்த்தவர் யாரும் இல்லாததால் அந்தக் கர்வத்துக்கு ஆபத்தும் இல்லை.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். லயத்தில் அவர்கள் வீட்டுக் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே மிளகாய் தாளித்தால் இங்கே தும்முவோம். அவள் கொழும்புக்குப் போய் ஒரு விளம்பரக் கம்பெனியில் போஸ்டர் வரையச் சேர்ந்தாள். நான் டிப்ளோமா முடித்து ஹட்டனில் போட்டோ கொப்பி அடிக்கச் சேர்ந்தேன். இதற்கு மேல் விளக்க எதுவும் இல்லை.

அவள் வந்தது கோயில் திருவிழாவுக்கு. அந்த முறை திருவிழாவில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. தோட்டத்தில் எங்கள் டிவிஷனைப் பற்றி நான் ஒரு படம் எடுத்திருந்தேன். நானாவிடம் இரவல் வாங்கிய கேமராவில், லீவு கிடைத்த நாளெல்லாம் எடுத்தது. கொழுந்து நிறுக்கும் இடம், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சண்டை, தேர் ஜோடிப்பவர்கள், வட்டவளை பஸ்ஸுக்காக மழையில் நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் பிறகு கோயில் முன்னால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைக் காட்டுவதாகக் கமிட்டித் தலைவர் ஒத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டர் கேட்டு வாங்கியும் வைத்துவிட்டார்.

"ஓடுமா புள்ள? இல்லாட்டி சொல்லு, நாங்க ஏதாச்சும் சினிமா படத்தப் போட்டுருவோம்," என்றார். "சனம் சும்மா ஒக்காந்துருக்காது."

"ஓடும் மாமா."

என்னை எல்லோரும் போன் திருத்துகிறவளாகத்தான் பார்த்தார்கள். இந்தப் படத்தை நான் செய்தேன் என்று அந்தச் சனம் முழுக்க ஒரு முறை அறிய வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

படம் ஓடியது, துண்டு துண்டாக. ஒவ்வொரு காட்சியையும் தனித்தனி ஃபைலாக வெளியே எடுக்க என் லெப்டொப்பால் முடிந்தது. எல்லாவற்றையும் கோத்து, பாட்டும் எழுத்தும் சேர்த்து ஒரே படமாக எடுக்கச் சொன்னால் பாதியில் அடுப்புக் கல் மாதிரிச் சுட்டு அணைந்துவிடும். விசிறி வைத்துப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் பனியில் வைத்துப் பார்த்தேன். தலையணைக்கு மேல் வைத்தது மடத்தனம், அதையும் செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. அத்தை என்றால் அவளுடைய அம்மா.

"என்ன மருமகளே, அந்தப் பொட்டி மறுபடி மண்டையப் போட்டுருச்சா? காலையிலேருந்து உன் பெருமூச்சுதான் கேக்குது. எங்க புள்ளையோடது சும்மாதானே கெடக்கு, கொண்டா!"

சும்மா கிடக்கிறதாம்! உலகத்தில் உள்ள அத்தனை வேகமும் அந்தத் தகட்டுக்குள் சும்மா கிடக்கிறது. நான் எழும்பிப் போகவில்லை. அவளுடைய மெக்கில் முடித்தால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். 'கொழும்புல வேலை செய்ற புள்ள செஞ்சது, இவளும் கூட மாட நின்னா.' அந்த வாக்கியத்தை நானே எழுதி, நானே வாசித்து, நானே வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

ஹட்டனுக்கு ஓடிவிடலாம் என்றால் கையில் காப்பு. பால்குடம் எடுப்பவர்கள் காப்புக் கட்டிவிட்டால், அது அவிழும்வரை தோட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. எங்கள் இரண்டு பேர் கையிலும் அத்தைதான் முன்நின்று மஞ்சள் கயிறு கட்ட வைத்திருந்தாள். நானாவுக்குப் போன் பண்ணினேன். அவர் குடும்பத்தோடு கல்யாண வீடொன்றுக்குப் போயிருந்தார், கடை பூட்டு. இன்டர்நெட்டில் ஏற்றி இறக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். எங்கள் லயத்தில் வட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போவதற்கே மேல் மலை வளைவில் ஏறி நிற்க வேண்டும்.

ஆக, என் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனேன்.

மெக் மேசைமேல் இருந்தது. சாம்பல் நிறம். அதன் கீழ் ஒரு பூப்போட்ட துணி விரித்திருந்தாள் அத்தை, சாமிப் படத்துக்கு விரிப்பது மாதிரி. அவள் ஒரு விரலால் தொட்டதும் திரை விழித்தது. என்னுடையது விழிப்பதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிடலாம்.

"தா," என்றாள். டிஸ்க்கைச் செருகினாள். சின்னதாக ஒரு பெட்டி திரையில் வந்தது. இந்தக் கம்ப்யூட்டரால் இந்த டிஸ்க்கை வாசிக்க முடியவில்லை என்று அதில் போட்டிருந்தது. கீழே மூன்று பட்டன்கள்.

காரணம் எனக்கு உடனே விளங்கியது. விண்டோஸ் வைரஸ் ஒட்டக் கூடாதென்று அந்த டிஸ்க்கை லினக்ஸ் மட்டும் வாசிக்கும் விதமாக நான் அமைத்திருந்தேன். விண்டோஸுக்கு அது விளங்காது என்பதில் எனக்குப் பெருமை. மெக்குக்கும் விளங்காது என்பதை நான் யோசித்ததே இல்லை. என் வாழ்க்கையில் மெக் எங்கே இருந்தது?

"என்னாங்குது?" என்று எட்டிப் பார்த்தாள் அத்தை.

"அழிச்சுட்டுப் புதுசா அமைக்கவான்னு கேக்குதும்மா."

"அப்ப அமைச்சிரு. போன வருசம் என் போனு பூட்டிக்கிச்சுன்னு கொண்டு போனப்ப இவளும் அதத்தானே செஞ்சா. எல்லாத்தையும் அழிச்சுட்டு, 'அத்த, இப்ப புதுசு மாதிரி ஓடுது'ன்னு குடுத்தா."

"அழிக்காத!" நான் கத்திய கத்தலில் வாசலில் நின்ற கோழி ஓடியது. அந்த டிஸ்க்கில்தான் எல்லாம் இருந்தது, வேறு பிரதி கிடையாது. அவள் நிதானமாக டிஸ்க்கைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"நான் அழிக்க மாட்டேன்டி. எனக்கு இந்த வேல தெரியும்."

'இந்த வேல தெரியும்.' சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது முள்ளாகக் குத்தியது.

பென்டிரைவைத் தேடினோம். அத்தை பஜனைப் பாட்டு வைத்திருந்த ஒரு பழைய பென்டிரைவ் கிடைத்தது. இரண்டு கம்ப்யூட்டரும் அதை வாசித்தன. ஆனால் என் பெரிய ஃபைல்களை அது ஏற்கவில்லை. இடம் இருந்தாலும், ஒரு அளவுக்கு மேல் பெரிய ஃபைலை அந்தப் பழைய அமைப்பு உள்ளே விடாது. "என் பாட்டுக்கு மட்டும் எடம் இருந்துச்சு," என்றாள் அத்தை, பென்டிரைவைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டே. "உங்க ரெண்டு பேருக்கும் படிச்ச படிப்புதான் பெருசு."

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது. இன்டர்நெட் எதற்கு? டவர் எதற்கு? என் போனின் ஹாட்ஸ்பொட்டைப் போட்டால் இரண்டு கம்ப்யூட்டரும் அதில் ஒட்டிக்கொள்ளும். லினக்ஸில் ஒரே ஒரு வரி தட்டினால் என் லெப்டொப் ஒரு குட்டி இணையத்தளமாகிவிடும். அவள் தன் பிரவுசரில் என் எண்ணைப் போட்டால் என் ஃபைல்களின் வரிசை அங்கே தெரியும், தொட்டால் இறங்கும். டிஸ்க் எந்த அமைப்பில் இருக்கிறதென்று மெக் கேட்காது. இரண்டும் பேசிக்கொள்வது மட்டும்தான்.

"ஒனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றாள் அவள்.

"எனக்கு இந்த வேல தெரியும்," என்றேன். கணக்குத் தீர்ந்தது மாதிரி இருந்தது.

என் லெப்டொப்பைப் பிளக்கிலிருந்து கழற்ற முடியாதென்பதால் நான் எங்கள் காம்பராவுக்கே திரும்பினேன். போனை வாசல் படியில், இரண்டு காம்பராவுக்கும் நடுவில் வைத்தேன். டிஸ்க்கிலிருந்த துண்டுகளை லெப்டொப்பில் ஒரு ஃபோல்டரில் போட்டு, கறுப்புத் திரையைத் திறந்து அந்த ஒரு வரியைத் தட்டினேன். சுவர் வழியாக எண்ணைச் சத்தம் போட்டுச் சொன்னேன்.

"வந்துருச்சுடி! வரிசையாத் தெரியுது!"

"முதல்ல ஒண்ணாம் நம்பர் ஃபைல். கிளிக் பண்ணு."

இந்த முறையில் ஒரு விஷயம் உண்டு. அந்தப் பக்கம் யார் எதைத் திறந்தாலும் என் கறுப்புத் திரையில் ஒரு வரி விழும், எந்த ஃபைல் என்று பெயரோடு. முதல் வரி விழுந்தது. என் படம் சுவரைத் தாண்டிப் போகத் தொடங்கியது. ஃபைல் பெரியது, மெதுவாகத்தான் போகும். நான் தேத்தண்ணி போட எழும்பினேன்.

திரும்பி வந்தபோது இன்னொரு வரி விழுந்திருந்தது. அது என் படத்தின் பெயர் இல்லை.

அவசரத்தில் நான் படம் இருந்த ஃபோல்டருக்குள் போகாமலே அந்த வரியைத் தட்டியிருக்கிறேன். அதனால் அவளுக்குத் தெரிந்தது படம் மட்டும் இல்லை, என் கம்ப்யூட்டரின் முழு வீடும். என் சான்றிதழ்கள், கொழும்புக் கம்பெனிகளுக்கு நான் அனுப்பிப் பதில் வராத விண்ணப்பங்கள், எல்லாம். அந்த வரிசையில் 'ava' என்று ஒரு ஃபோல்டர். அவ. பேர் போட்டால் அம்மா பார்த்துவிடுவாள் என்று அப்படி வைத்திருந்தேன். அவள் திறந்திருந்தது அதைத்தான்.

அதற்குள் அவளுடைய போஸ்டர்கள் இருந்தன. அவள் தன் இணையப் பக்கத்தில் போட்ட ஒவ்வொன்றையும் நான் மலை வளைவில் நின்று இறக்கி வைத்திருந்தேன். படித்துக்கொள்வதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு வட்டங்கள் போட்டிருந்தேன். இங்கே நிறம் சரியில்லை, இங்கே எழுத்து நெருக்கம், இந்த முகம் யாருடையது. பிழை கண்டுபிடிக்கும்போது கிடைத்த திருப்தியில் சில இடத்தில் வட்டத்துக்குப் பக்கத்தில் கேலியும் எழுதியிருந்தேன்.

இன்னொரு வரி விழுந்தது. ஒரு போஸ்டர். பிறகு இன்னொன்று. அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த அமைதியை நான் வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினால் எல்லாம் நின்றுவிடும். கைவிரல் அங்கேதான் இருந்தது. ஆனால் நிறுத்தினால் பாதி இறங்கிய என் படமும் நின்றுபோகும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் அவள் மறுபடி எனக்காக உட்கார்ந்தால். உட்காருவாளா? அந்தப் போஸ்டர்களைப் பார்த்த பிறகு? என் மானம் ஒரு பக்கம், என் படம் ஒரு பக்கம். விரலை எடுத்துவிட்டேன். பார்க்கட்டும். அவள் மெதுவாகத்தான் பார்த்தாள், பாவி, ஒன்றையும் விடவில்லை.

கடைசியில் என் படத்தின் இரண்டாம் துண்டுக்கான வரி விழுந்தது. பிறகு மூன்றாவது. அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். பின்னேரத்துக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்தன.

அதன் பிறகுதான் அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ஏன்டி, அந்தத் தேயிலைப் போஸ்டர்ல, கூடைய இடுப்புல அணைச்சுக்கிட்டு நிக்கிறாளே ஒருத்தி."

"ம்."

"'எந்தத் தோட்டத்துல இப்படிக் கொழுந்து பறிக்கிறாங்க, அட்ரஸ் குடுங்க, நாங்களும் அங்க போறோம்'ன்னு எழுதியிருக்க."

நான் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் நெருப்புகூட இல்லை.

"எனக்குத் தெரியாதாடி? எங்கம்மாவும் உங்கம்மாவும் போற மலைதானே. ஆபீஸ்ல சொன்னேன். தலையில கயித்தப் போட்டு முதுகுல தொங்கவிடுவாங்க, இப்ப கூடைகூட இல்ல, சாக்குதான்னேன். சேலை மறைஞ்சுரும், இதுதான் அழகா இருக்குன்னுட்டாங்க. ரெண்டு தடவ சொன்னேன். மூணாவது தடவ சொல்லல."

அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். இது வேறு விதமாக எரிந்தது. பிழையென்று சொல்ல அவளுக்கு ஒரு ஆபீஸ் இருக்கிறது. அவள் பேச்சைத் தட்டிவிடக்கூட அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். என் சிவப்பு வட்டங்களை யார் தட்டிவிட்டார்கள்? ஃபோல்டருக்குள் கிடந்தன.

"மத்த வட்டமெல்லாம்?" என்று கேட்டுவிட்டேன். வாயை அடக்க முடியவில்லை.

"பாதி சரி," என்றாள். "பாதி பொறாமை." திரும்பிப் போகையில், "பாட்டு ஃபைல அனுப்பல நீ. அனுப்பு," என்று சேர்த்தாள்.

மறுநாள் காலை பால்குடம் எடுத்தோம், அவள் முன்னால், நான் பின்னால். பால் தளும்பி என் தோளில் வழிந்தது. அவள் குடத்திலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. சாமி கும்பிட வேண்டிய நேரத்தில் நான் அவள் குடத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

காப்பு அவிழ்த்துச் சாப்பிட்ட பிறகு அவள் கூப்பிட்டாள். படம் முடிந்திருந்தது. என் லெப்டொப் சுட்டுச் செத்த வேலையை மெக் சத்தமில்லாமல் செய்து முடித்திருந்தது. நான் பார்க்கக் கேட்பதற்குள் கமிட்டித் தலைவர் வாசலில் வந்து நின்றார்.

"புரொஜெக்டர் வயரு இந்தா. இதுல குத்திப் பாருங்க, சரியா வருதான்னு."

அவள் மெக்கை இப்படியும் அப்படியும் திருப்பினாள். அந்த வயருக்கு அதில் வாயே இல்லை. இடையில் மாட்டும் சின்னத் துண்டு ஒன்று வேண்டுமாம், அது கொழும்பில் அவள் தங்கியிருக்கும் போடிங் அறை மேசையில் இருக்கிறதாம்.

என் லெப்டொப்பில் அந்த வாய் இருந்தது. பால்மா டின் முட்டுக் கொடுத்த, கர்ரென்கிற, மனுசன் பாவிக்க மாட்டான் என்ற என் லெப்டொப்பில்! நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எவ்வளவு சிரமப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

"படத்த இங்கிட்டுத் திருப்பி அனுப்பு," என்றேன்.

அவளுடைய மெக்கில் என் ஒரு வரி வேலை செய்யவில்லை, அதற்கு வேண்டியதை இன்டர்நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும் என்றது. அவள் கலங்கவில்லை. செட்டிங்ஸில் எங்கேயோ போய், ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் பகிர்ந்து, எனக்கென்று ஒரு பேரும் பாஸ்வேர்டும் போட்டுக் கொடுத்தாள். நான் லினக்ஸிலிருந்து அதைத் திறந்தேன். உள்ளே என் படம் மட்டும் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. நான் முழு வீட்டையும் திறந்துபோட்டேன், அவள் ஒரு கதவை மட்டும், அதுவும் பூட்டோடு. அதிலும் அவள் நேர்த்தி!

ஃபைல் வந்து சேர்ந்தபோது பூசை மணி அடித்துவிட்டது. முழுதாகப் போட்டுப் பார்க்க நேரமில்லை. தொடக்கம் ஓடியது, அதுவே போதும் என்று தூக்கிக்கொண்டு ஓடினேன். பால்மா டின்னை அம்மா தூக்கி வந்தாள்.

கோயில் முன்னால் படங்கை விரித்துச் சனம் உட்கார்ந்திருந்தது. வேட்டியில் எங்கள் மலை தெரிந்ததும் பிள்ளைகள் விசிலடித்தார்கள். யார் முகம் வந்தாலும் அவர் பேர் கூட்டத்திலிருந்து எழும்பியது. பீலிக்கரைச் சண்டை வந்தபோது சண்டை போட்ட இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து, "நீதானே முதல்ல வாளியத் தள்ளுன" என்று மறுபடி தொடங்கினார்கள். என் வேலை ஓடுகிறது என்று எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

பிறகு கடைசிக் காட்சி. கொழுந்து நிறுக்கும் இடம். அம்மா நிறுத்து முடித்து, காலிச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நடக்கிறாள். அவள் முதுகில் படத்தை முடித்திருந்தேன் நான். பாட்டு மேலே எழும்ப, முதுகு சிறிதாகிப்போக, முடிவு. நல்ல முடிவென்று எனக்கு நிச்சயம். அந்தத் துண்டின் வாலில் மீதிக் காட்சி கொஞ்சம் ஒட்டியிருந்தது. வெட்டிவிடு என்று அவளிடம் சுவர் வழியாகச் சொல்லியுமிருந்தேன்.

முதுகு சிறிதானது. பாட்டு எழும்பவில்லை, நின்றுபோனது. ஃபைல் உடைந்துவிட்டதென்று நான் கீபோர்டுக்குப் பாய்ந்தேன். அதற்குள் வேட்டியில் அம்மா திரும்பினாள். நேராகக் கேமராவைப் பார்த்தாள். பாட்டில்லாமல், காற்றுச் சத்தத்தோடு அவள் குரல் மட்டும் கேட்டது.

"கேமராவ மூடுடி, மழ வருது. நீ நனஞ்சா காஞ்சிருவ. அது எரவல்."

அங்கே படம் முடிந்தது.

சனம் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். என் அம்மா, பால்மா டின்னைப் போர்த்தி வந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். கைதட்டல் அதற்குப் பிறகுதான் வந்தது, முன்பு எந்த நிகழ்ச்சிக்கும் வராத மாதிரி.

கமிட்டித் தலைவர் நேராக அவளிடம்தான் போனார். நான் எதிர்பார்த்த வாக்கியம் வந்தது. "கொழும்புல வேல செய்ற புள்ள கை வச்சா சும்மாவா! அருமையா செஞ்சிருக்கம்மா."

"ஐயோ மாமா, செஞ்சது அவ," என்றாள் அவள் எல்லோருக்கும் கேட்கும்படி, என்னைக் கை காட்டி. "சமைச்சது முழுக்க அவ. அடுப்பு மட்டுந்தான் என்னோடது."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. நான் ஆசைப்பட்ட நிமிஷம் அதுதான். ஒருவர் என் தலையில் கை வைத்தார். ஒரு அக்கா, "கடைசில ஒங்கம்மா பேசுனாங்களே, அந்த எடத்துல வச்சு முடிச்ச பாரு, எனக்கு அழுகையே வந்துருச்சு புள்ள," என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

அவள் அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவே போவதில்லை என்பதும் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"அது அவ வச்சதுக்கா," என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். "நான் வெட்டச் சொன்னேன்."

"பாத்தீங்களா!" என்று அத்தை பாய்ந்து வந்தாள். "வெட்டுன்னா வெட்ட மாட்டா. சின்ன வயசிலேருந்தே சொன்ன பேச்சு கேக்காத கழுத."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கொழும்பு ரயிலேறினாள். நான் லெப்டொப்பைப் போட்டு, அந்தக் கடைசி இடத்தை மட்டும் என் விருப்பப்படி திரும்ப வெட்டினேன். முதுகு, பாட்டு, முடிவு. அது ஒரு சிறு துண்டு என்பதால் லெப்டொப் சுடாமல் செய்து தந்தது. இரண்டையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன். என்னுடையது அழகாக இருந்தது. அவளுடையதில் அம்மா இருந்தாள்.

இப்போது அந்தப் படம் எங்கள் டிவிஷனில் எல்லார் பென்டிரைவிலும் இருக்கிறது. பஸ் கண்டக்டர் கை வழியாக அடுத்த தோட்டங்களுக்கும் போயிருக்கிறது. யாராவது போட்டுப் பார்த்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள், இது இவ எடுத்த படம் என்று வந்தவர்களுக்குக் காட்டுகிறார்கள். நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். முழுவதும் என் படம்தான், கடைசி அந்தக் கொஞ்சத்தைத் தவிர. ஒருவர் பாக்கியில்லாமல் அந்தக் கொஞ்சத்தில்தான் அழுகிறார்கள்.